4.34க்கும் 4.70க்கும் இடையில்

மிட்சுடோசி கவாகுட்டி என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓடும் பாய்மத்துக்குக் குறுக்கே அசையாமல் ஓர் உருளை நிற்கிறது. பாய்மம் அதைச் சுற்றிக்கொண்டு எப்படிப் போகிறது என்பதே அவர் போட்ட கணக்கு. கணினி கிடையாது. மேசைமேல் வைத்து இயக்கும் இயந்திரக் கணக்குப்பொறி ஒன்றுதான் துணை. வாரத்துக்கு 20 மணி நேரம் வீதம் ஒன்றரை ஆண்டு உட்கார்ந்து முடித்திருக்கிறார். கூட்டிப் பார்த்தால் 1,500 மணி நேரத்துக்கு மேல். அதற்கு எவ்வளவு உழைப்பும் பொறுமையும் வேண்டியிருந்தது என்பதையும் கட்டுரையிலேயே ஒரு வரி சொல்லிவிட்டார். அறிவியல் ஏடுகள் பொதுவாக ஆசிரியரின் பெருமூச்சை அச்சிடுவதில்லை. இந்த ஒன்று எப்படியோ தப்பி வந்துவிட்டது.

இன்று அதே கணக்கை ஒரு மாணவரின் மடிக்கணினி, டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். அப்படி மிச்சமான நேரத்தை வைத்துக்கொண்டு பாய்ம இயலார் செய்த காரியங்களில் ஒன்று, அந்த உருளையைச் சுழலவிட்டது. கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கும். நின்ற உருளையே ஒன்றரை ஆண்டை விழுங்கியது என்றால், சுழலும் உருளை என்ன பாடு படுத்தும் என்பதை இனிப் பார்க்கலாம்.

வாய்க்கால் நீரில் ஒரு மத்தை நட்டு வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் பூவை மறந்துவிடலாம். வழுவழுப்பான தண்டு மட்டும் போதும். தண்ணீர் அதன்மேல் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து, பின்னால் போய்ச் சேருகிறது. இந்தக் காட்சியைத் தீர்மானிக்க இரண்டே எண்கள் போதும் என்பது பாய்ம இயலின் பெரிய சௌகரியம்.

முதலாவது ரெனால்ட்ஸ் எண். ஓட்டத்தின் வேகம் நீரை முன்னே தள்ளுகிறது, நீரின் பிசுபிசுப்பு அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இந்த இழுபறியில் வேகத்தின் கை எத்தனை மடங்கு ஓங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது இந்த எண். தேனுக்குள் கரண்டியை நகர்த்தினால் அது 1ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். சுண்டுவிரல் பருமனுள்ள, அதாவது 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டை, விநாடிக்கு 2 சென்டிமீட்டர் நகரும் தண்ணீரில் நட்டால் 200. இந்த 200ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாவது சுழற்சி விகிதம். தண்டின் விளிம்பு நகரும் வேகத்தை, நீர் ஓடும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. நம் தண்டு நிமிடத்துக்கு 38 சுற்றுச் சுற்றினால் விகிதம் 1. 190 சுற்றுச் சுற்றினால் 5. சுற்றாமல் நின்றால் 0.

நிற்கும் நிலையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ரெனால்ட்ஸ் எண் சுமார் 47ஐத் தாண்டும்வரை தண்டின் பின்னால் இரண்டு சுழிகள் இரட்டைப் பிள்ளைகள்போல ஒட்டிக்கொண்டு அமைதியாக இருக்கும். தாண்டியதும் அந்த அமைதி போய்விடுகிறது. இடப்பக்கம் ஒரு சுழல் கழன்று ஓடும், பிறகு வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடம். ஆற்றுப் பாலத்தின் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. 1911 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹீமன்ஸ் என்ற ஆய்வு மாணவர், உருளையைச் சுற்றியுள்ள அழுத்தத்தை அளக்க முயன்றார். நீரோட்டம் ஆடிக்கொண்டே இருந்ததால் அளக்க முடியவில்லை. உருளை சரியான வட்டமாக இல்லையோ என்று பேராசிரியர் பிராண்டில் சந்தேகப்பட, மாணவர் அதைச் சீராக்கினார். அப்போதும் ஆடியது. கால்வாய் கோணலோ என்று அதையும் சரிசெய்தார். அப்போதும் ஆடியது. அங்கே இளம் ஆய்வாளராக இருந்த ஃபான் கார்மான் தினமும் காலையில் வந்து, ஓட்டம் நிலைத்துவிட்டதா என்று விசாரிப்பாராம். ஹீமன்ஸின் பதில் மாறவே இல்லை. ஒரு கட்டத்தில் கார்மானுக்குப் பொறி தட்டியது: குற்றம் உருளையிலும் இல்லை, கால்வாயிலும் இல்லை, ஆடுவதுதான் அந்த ஓட்டத்தின் இயல்பு. இன்று அந்தச் சுழல் வரிசைக்குக் கார்மான் சுழல் தெரு என்று பெயர். ஹீமன்ஸ் பாவம், உருளையைத் தேய்த்ததோடு சரி.

இனி தண்டைச் சுழற்றுவோம். தண்டை ஒட்டிய நீர் அதோடு சேர்ந்து இழுபடும். ஒரு பக்கம் விளிம்பும் ஓட்டமும் ஒரே திசையில் போகின்றன; மறுபக்கம் ஒன்றை ஒன்று எதிர்க்கின்றன. உடன்போகும் பக்கத்தில் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது, எதிர்ப்பக்கத்தில் வேகம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. தண்டு பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. பெர்லினில் ஹைன்ரிக் மேக்னஸ் 1852இல் ஆராய்ந்து எழுதியதால் இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் சாய்வாக அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதை நியூட்டன் 1672இலேயே குறிப்பிட்டிருக்கிறார். சுழற்பந்து வீச்சாளரின் கையிலிருந்து கிளம்பிய பந்து, தரையில் படுவதற்கு முன்பே காற்றில் கொஞ்சம் நழுவுகிறதே, அதுவும் இதே குடும்பம்தான்.

பந்தை விட்டுவிட்டு இதில் கப்பலோட்ட நினைத்தவர் ஆன்டன் ஃப்ளெட்னர். 1924இல் பூகாவ் என்ற கப்பலின் பாய்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு உருளைகளை நிறுத்தினார். ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர் உயரம், 2.8 மீட்டர் விட்டம். மோட்டார் உருளைகளைச் சுழற்றும், காற்று அவற்றைத் தள்ளும், கப்பல் நகரும். பாய் இல்லாத பாய்க்கப்பல்! பெயரை பாடன்-பாடன் என்று மாற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து 1926 மே மாதம் அது நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கப்பலுக்குப் பின்னணியில் கோட்டிங்கன் சோதனைகள் இருந்தன. பிராண்டிலே 1925இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் வைத்த ஒரு வாதம்தான் இந்த அத்தியாயத்தின் முடிச்சு.

உராய்வே இல்லாத கற்பனைப் பாய்மத்துக்குக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். பக்கவாட்டு விசையைக் குறிக்க ஓர் எண் உண்டு. விமானக்காரர்கள் வைத்த பெயரில் அது தூக்குக் குணகம். உருளையின் அளவு, ஓட்டத்தின் வேகம், பாய்மத்தின் அடர்த்தி எல்லாவற்றின் பங்கையும் வகுத்து நீக்கிய பிறகு மிஞ்சுவது அது. கற்பனைப் பாய்மத்தில் தூக்குக் குணகம், சுழற்சி விகிதத்தைப்போல 2 பை மடங்கு. விகிதம் 1 என்றால் 6.28, 2 என்றால் 12.57. அந்த 2இல் ஒரு விசேஷம் நடக்கிறது. அதுவரை உருளையின் மேற்பரப்பில் இரண்டு இடங்களில் பாய்மம் நின்றுபோயிருக்கும்: வந்து மோதும் இடம் ஒன்று, பிரிந்து போகும் இடம் ஒன்று. விகிதம் கூடக்கூட இவை நகர்ந்து நகர்ந்து, 2இல் ஒரே புள்ளியாகச் சேர்ந்துவிடுகின்றன. அதற்குமேல் சுழற்றினால் அந்தப் புள்ளி பரப்பை விட்டே விலகிவிடும். உருளையைச் சுற்றி ஒரு பாய்ம வளையம் தனியாகச் சுற்ற ஆரம்பிக்கும். வெளி ஓட்டம் அதைத் தொடாமல் ஒதுங்கிப் போகும்.

பிராண்டில் என்ன சொன்னார் என்றால், உண்மையான பாய்மத்தில் உருளையின் சுழற்சி வெளி ஓட்டத்தைப் பாதிப்பதே, உருளையை ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து சுழல் கழன்று வெளியே போவதால்தான். வளையம் மூடிக்கொண்டால் எதுவும் கழன்று வெளியேற வழியில்லை. ஆகவே எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் தூக்குக் குணகம் 4 பை, அதாவது 12.57க்கு மேல் போகாது. கதவைச் சாத்திவிட்டால் கூட்டம் வெளியே வராது என்பதுபோலத் தெளிவான வாதம். எல்லைப் படலம் என்ற கருத்தையே 1904இல் உலகுக்குக் கொடுத்தவர் சொன்னதாலும் அதை எளிதில் யாரும் மறுக்கவில்லை.

மறுப்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே எனக்குப் பிடித்த ஒரு மனிதர் வருகிறார். ஸ்காட்லாந்தின் பொறியாளர் அலெக்சாண்டர் தாம், 1920களில் கிளாஸ்கோவில் சுழலும் உருளைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார். உருளையின் நீளம் நெடுக வட்டத் தட்டுகளைக் கோத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர் அவர்; அவற்றுக்கு இன்னும் தாம் தட்டுகள் என்றே பெயர். அதே மனிதர் 1933இல், நிற்கும் உருளையைச் சுற்றிய ஓட்டத்தை ரெனால்ட்ஸ் எண் 10க்கும் 20க்கும் கையாலேயே கணக்கிட்டு வெளியிட்டார். கவாகுட்டிக்கு முன்னோடி. சுவரை ஒட்டிய பாய்மம் எவ்வளவு சுழிக்கிறது என்பதற்கு அவர் கொடுத்த சூத்திரத்தை மாணவர்கள் இன்றும் நிரலில் எழுதுகிறார்கள். பிற்காலத்தில் அவர் பிரிட்டனின் பழங்காலக் கல்வட்டங்களை அளக்கக் கிளம்பி, தொல்லியலாளர்களோடு பெரிய சர்ச்சையில் மாட்டிக்கொண்டது வேறு கதை. வட்டமான எதையும் அவரால் சும்மா விட முடியவில்லை போலும்.

தாமும் கவாகுட்டியும் கையால் செய்ததும் இன்று கணினி செய்வதும் அடிப்படையில் ஒன்றே. பாய்மத்தின் ஒவ்வொரு துளியும் நியூட்டனின் விதிப்படிதான் நகர வேண்டும்: அக்கம்பக்கத்து அழுத்தம் தள்ளும், பிசுபிசுப்பு இழுக்கும். இதைச் சமன்பாடாக 1822இல் நேவியரும், 1845இல் ஸ்டோக்ஸும் எழுதிவைத்தார்கள். எழுதுவது எளிது, தீர்ப்பதுதான் கடினம். எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் விடை வேண்டும் என்று கேட்டால் அந்தச் சமன்பாடு பெரும்பாலும் வாய் திறக்காது. ஆகவே கேள்வியைச் சுருக்குகிறோம். புள்ளிக் கோலத்தில் முதலில் புள்ளியை வைத்துவிட்டுத்தானே கோடு இழுக்கிறோம்; அதுபோல வெளியெங்கும் புள்ளிகளை வைத்து, அந்தப் புள்ளிகளில் மட்டும் வேகத்தையும் அழுத்தத்தையும் கேட்கிறோம். ஒரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசமே நுண்கணிதத்தின் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

உருளைக்கு வட்டக் கோலம்தான் பொருந்தும். உருளையை ஒட்டி வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், வெளியே போகப் போக அகலலாம். எவ்வளவு நெருக்கம் என்பதை எல்லைப் படலம் தீர்மானிக்கிறது. அதன் தடிப்பு, உருளையின் விட்டத்தை ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவில் இருக்கும். 200க்கு வர்க்கமூலம் சுமார் 14. நம் 1 சென்டிமீட்டர் தண்டில் அந்தப் படலம் முக்கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதற்குள் பல வளையங்களைத் திணித்தாக வேண்டும்.

சுற்றிலும் 200, வெளிநோக்கி 150 என்று வைத்தால் 30,000 புள்ளிகள். நேரத்தையும் இப்படியே துண்டுபோட வேண்டும். அங்கேயும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவரும் 1928இல் சொன்னது. பொதுவான முறைகளில், ஒரு நேரத் துண்டுக்குள் பாய்மம் ஒரு கட்டத்துக்கு மேல் தாவக்கூடாது. தாவினால் விடை வெடித்துச் சிதறும். திரையில் எண்களுக்குப் பதிலாகப் பிழைச்செய்தி நிற்கும். உருளை வேகமாகச் சுழல, அதை ஒட்டிய கட்டங்களும் மிகச் சிறியவையாக இருக்க, நேரத் துண்டு நுணுகிக்கொண்டே போகும். மொத்தம் 20,000 துண்டுகள் என்று கொள்வோம். 30,000ஐ 20,000ஆல் பெருக்கினால் 60 கோடி. ஒவ்வொன்றுக்கும் 100 கூட்டல் பெருக்கல் என்று குறைவாகவே மதிப்பிட்டாலும் 6,000 கோடி. 10 விநாடிக்கு ஒன்று வீதம் ஒருவர் தூங்காமல் போட்டால் 19,000 ஆண்டு ஆகும். கவாகுட்டி அசையாத உருளையோடு நின்றுகொண்டதற்குக் காரணம் புரிகிறதல்லவா.

இந்த வேலையில் பெரும்பங்கைத் தின்பது அழுத்தம். தண்ணீரை அமுக்க முடியாது; ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் வெளியேறியாக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் காவலாள் அழுத்தம்தான். ஓரிடத்தில் அதைத் திருத்தினால் எல்லா இடத்திலும் திருத்த வேண்டிவரும். கல்யாணப் பந்தியில் நடுவில் ஒருவரை உட்காரவைக்க, வரிசை முழுக்க நகர்ந்து உட்கார வேண்டியிருப்பதைப் போல. ஒவ்வொரு நேரத் துண்டிலும் இந்த நகர்வு பல சுற்று நடந்துதான் வரிசை அடங்கும்.

இத்தனைக்கும் நடுவில் உருளையின் சுழற்சி எங்கே வருகிறது? ஒரே ஒரு வரியில். கணினிக்குள் உருளை சுழல்வதே இல்லை. வழுவழுப்பான வட்டத்தை எவ்வளவு திருப்பினாலும் அது அதே வட்டம்தான்; புள்ளிகளை நகர்த்த வேண்டிய அவசியமே கிடையாது. உருளையைத் தொடும் நீர் அதன் பரப்போடு ஒட்டிக்கொண்டு நகரும் என்பதால், அங்கே வேகம் 0 என்று எழுதியிருந்த இடத்தில் விளிம்பு வேகத்தை எழுதிவிட்டால் முடிந்தது. உரித்த வாழைப்பழம் என்று முதன்முறை எனக்குத் தோன்றியது.

அப்படித் தோன்றிய பிறகுதான் வழுக்கி விழுந்தேன். நான் எழுதிய முதல் நிரல் நிற்கும் உருளைக்குப் புத்தகத்தில் உள்ள எண்களையே கொடுத்தது. சுழற்சியைச் சேர்த்தேன், ஓட்டம் படமாக அழகாக வந்தது, தூக்குக் குணகம் மட்டும் புத்தகத்தோடு ஒத்துப்போக மறுத்தது. கட்டங்களை நெருக்கினேன், நேரத் துண்டைப் பாதியாக்கினேன். ஹீமன்ஸ் உருளையைத் தேய்த்த கதைதான். கடைசியில் பார்த்தால் குற்றம் உருளையின் பக்கத்திலேயே இல்லை, வெகு தொலைவில் இருந்தது.

கணினியில் வெளியை எங்காவது முடித்தாக வேண்டும். உருளையிலிருந்து 10 விட்டம் தள்ளி ஒரு வேலியைப் போட்டு, அங்கே ஓட்டம் கலங்காமல் நேராக வருகிறது என்று எழுதியிருந்தேன். நிற்கும் உருளைக்கு இது பெரிய தவறில்லை. சுழலும் உருளையின் கை நீளமானது. அது கிளப்பும் சுழற்சி வேகம் தொலைவுக்கு நேர்த் தலைகீழாக, மெதுவாகத்தான் தேயும். சுழற்சி விகிதம் 5 என்றால் கற்பனைப் பாய்மக் கணக்குப்படி, விளிம்பில் 5 மடங்காக இருந்தது 10 விட்டம் தள்ளியும் கால் மடங்கு மிஞ்சியிருக்கும். கால்பங்கு வேகம் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சத்தியம் செய்திருந்தேன்! கணினி என் வார்த்தையை நம்பி, நான் கட்டிய தொட்டிக்குள் உள்ள ஓட்டத்தை மிகச் சரியாகக் கணக்கிட்டுக் கொடுத்தது. வேலியை 100 விட்டத்துக்குத் தள்ளினால் அந்தக் கால் பங்கு நாற்பதில் ஒரு பங்காகக் குறையும்.

இன்னும் சில பொறிகள் உண்டு. கட்டத்துக்குக் கட்டம் வேகத்தைக் கொண்டுசெல்லும் சில எளிய முறைகள், இல்லாத பிசுபிசுப்பைத் தாமாகவே கொஞ்சம் கலந்துவிடும். 200க்குப் போட்ட கணக்கு உண்மையில் 150க்கான விடையாக இருக்கும், யாருக்கும் தெரியாது. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி, பார்வைக்குப் பால்தான். அழுத்தத்தை நேராகக் கணக்கிடாமல் சுற்றுவழியில் போகிறவர்களுக்கு வேறொரு சோதனை: உருளையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவந்தால் அழுத்தம் கிளம்பிய மதிப்புக்கே திரும்ப வேண்டும். இந்த ஒற்றை நிபந்தனையை எழுத மறந்தால் தூக்குவிசையைப் பற்றிய விடை முழுக்க வீண். நேர்மாறான ஒரு கூத்தும் நடக்கும். நிற்கும் உருளையில், மேலும் கீழும் ஒரு துளி வித்தியாசமில்லாமல் கச்சிதமாக எழுதிய நிரலில் கார்மான் சுழல்கள் கிளம்ப வெகுநேரம் ஆகும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க அங்கே ஒரு தூசுகூட இல்லை. அப்போது ஆய்வாளர்கள் உருளையை ஒரு கணம் சுழற்றி நிறுத்துவார்கள். கோட்டிங்கனில் ஓட்டத்தை நிறுத்தத் தவித்தார்கள்; கணினியில் அதைக் கிள்ளிவிட வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் தாண்டிச் செய்யப்பட்ட ஒரு கணக்கைப் பார்ப்போம். ஐஐடி கான்பூரைச் சேர்ந்த சஞ்சய் மிட்டல், பாஸ்கர் குமார் இருவரும் 2003இல் வெளியிட்டது. ரெனால்ட்ஸ் எண் நம் பழைய 200. சுழற்சி விகிதத்தை 0 முதல் 5 வரை படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார்கள்.

முதலில் எதிர்பார்த்ததே நடந்தது. சுழற்சி கூடக்கூட, பின்னால் கழலும் சுழல் வரிசை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெலிந்து, விகிதம் 1.91இல் நின்றேபோனது. ஓட்டம் அமைதியாயிற்று. சில ஆண்டுகள் கழித்து நீர்த்தொட்டியில் ஹைட்ரஜன் குமிழிகளை விட்டுப் பார்த்த வேறொரு குழுவுக்கு 1.95 அருகில் கிடைத்தது. ஒரு கணக்கும் ஒரு தொட்டியும் இவ்வளவு கிட்டத்தில் வந்தால் அன்று வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம்.

அதற்குப் பிறகு 3, 4 என்று ஏற்றினாலும் அதே அமைதி. இனி என்ன, அடங்கியது அடங்கியதுதான் என்று யாரும் நினைத்திருப்பார்கள். விகிதம் 4.34ஐத் தொட்டதும் ஓட்டம் மறுபடி ஆடத் தொடங்கியது. இந்த முறை இடம் வலம் என்ற முறைவைப்பு இல்லை. ஒரே பக்கத்தில் சுழிப்பு மெல்ல மெல்லச் சேர்ந்து பெருத்து, ஒரு பெரிய சுழலாகக் கழன்று போகும். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி அதே பக்கத்தில் சேரும். கார்மான் சுழல்களின் துடிப்போடு ஒப்பிட்டால் மிக மந்தமான துடிப்பு. 4.70ஐத் தாண்டியதும் அதுவும் நின்று ஓட்டம் பழையபடி அடங்கிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் ஸ்டொய்கோவிச், பிராயர், டுர்ஸ்ட் ஆகியோரும் ரெனால்ட்ஸ் எண் 100இல் இதே ஒருபக்க ஆட்டத்தைக் கண்டிருந்தார்கள். அங்கே அது விகிதம் 5ஐ ஒட்டி வந்தது. ஆக, இது ஒரு நிரலின் கோளாறு அல்ல. கான்பூர்க் குழு இன்னொரு வழியிலும் சரிபார்த்தது. ஓட்டத்தைக் காலப்போக்கில் ஓட்டிப் பார்க்காமல், நிலையான ஓட்டத்தைத் தனியாகக் கண்டுபிடித்து, அதில் சிறு கலக்கம் வைத்தால் வளருமா தேயுமா என்று கேட்டது. இரண்டு வழியும் ஒரே இடைவெளியைத்தான் காட்டின.

பிராண்டில் எல்லைக்கு என்ன ஆயிற்று? விகிதம் 5இல் அவர்கள் கணக்கில் தூக்குக் குணகம் 27ஐ எட்டியது. 12.57 என்ற கூரை, அடையாளமே இல்லாமல் கீழே போய்விட்டது. கலிபோர்னியாவில் டொகுமாருவும் டிமோடாகிஸும் 1993இலேயே ரெனால்ட்ஸ் எண் 3,800இல் சோதனை செய்து அந்த எல்லை உடைவதைக் காட்டியிருந்தார்கள். பிராண்டிலின் கதவு சாத்தப்படுவது உண்மைதான். ஆனால் சுழிப்பு கதவு வழியாக மட்டும் போவதில்லை. பிசுபிசுப்பின் உதவியால் சுவர் வழியாகக் கசிந்தும் போகும். மண்பானைத் தண்ணீர் பானைக்கு வெளியே வியர்ப்பதைப் போல. நேரம் கொடுத்தால் கசிந்து கசிந்தே வெளி ஓட்டத்தை மாற்றிவிடும்.

எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வேறொன்று. ரெனால்ட்ஸ் எண் 100, விகிதம் 1 என்ற இடத்தில் கற்பனைப் பாய்மம் 6.28 என்கிறது, கணினிகள் தரும் விடை சுமார் 2.5. பாதிகூட இல்லை. 200, விகிதம் 5 என்ற இடத்தில் கற்பனைப் பாய்மம் 31.4 என்கிறது, கணினி 27. வெறித்தனமாகச் சுழற்றும்போதுதான் உண்மைப் பாய்மம் கற்பனைப் பாய்மத்தை நெருங்கி வருகிறது. பின்னால் கலங்கிக் கிடந்த பகுதி போய்விட, உருளையைச் சுற்றி வளையம் ஒழுங்காக மூடிக்கொள்வதால் வரும் நெருக்கம் அது. பிராண்டில் தடையாகப் பார்த்த அதே வளையம்!

27 என்ற எண்ணைப் பார்த்து யாரும் உடனே கப்பல் கட்டக் கிளம்பிவிடக்கூடாது. அதே கட்டுரையின்படி, உருளையைச் சுழற்றத் தேவையான திறன் விகிதத்தோடு மளமளவென்று ஏறுகிறது. காற்று தருவதை மோட்டார் கேட்டு வாங்கிவிடும்.

இன்னொரு கொக்கியும் இருக்கிறது. இதுவரை சொன்ன கணக்குகள் தட்டையானவை. உருளைக்கு நீளம் இல்லை. அல்லது முடிவே இல்லாத நீளம், இரண்டும் ஒன்றுதான். பாய்மம் உருளையின் நீளவாக்கில் மேலேயோ கீழேயோ நகர அனுமதியே இல்லை. மிட்டலே 2004இல் அந்த அனுமதியைக் கொடுத்துப் பார்த்தார். ரெனால்ட்ஸ் எண் அதே 200, விகிதம் 5. தட்டையான கணக்கில் அமைதியாக இருந்த ஓட்டம், முப்பரிமாணத்தில் அமைதியாக இல்லை. வேகமாகச் சுற்றும் உள்வளையம் வெளியே தெறிக்கப் பார்க்க, உருளையின் நீளம் நெடுகக் கலக்கம் கிளம்பியது. உருளையின் முனைகளில் சுவர் இருந்தால் அங்கேயும் ஓட்டம் பிய்ந்துபோனது. இரண்டும் சேர்ந்து தூக்குவிசையைக் குறைத்தன, பின்னிழுப்பைக் கூட்டின. அப்படியானால் 27 பொய்யா? இல்லை. நீளமே இல்லாத உருளைக்கு அது மெய். அப்படி ஓர் உருளை கடைகளில் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

பூகாவின் உருளைகளுடைய பழைய படங்களைப் பார்த்தால், உச்சியில் உருளையைவிட அகலமான ஒரு தட்டு தொப்பிபோல உட்கார்ந்திருக்கும். முனையில் காற்று நழுவி ஓடாமல் தடுக்க கோட்டிங்கன் சோதனைகளிலேயே வைத்துப் பார்த்த ஏற்பாடு அது. முனை என்ன செய்யும் என்பது காற்றுச் சுரங்கக்காரர்களுக்கு மிட்டலின் கணக்குக்கு 80 ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்தது. அவர்களிடம் முனையில்லாத உருளை இருக்கவே இல்லையே.

அந்தக் கப்பல் உருளைகளின் ரெனால்ட்ஸ் எண் என்ன? விநாடிக்கு 10 மீட்டர் வீசும் காற்றில், 2.8 மீட்டர் விட்டத்துக்குச் சுமார் 19 லட்சம். நம் 200இலிருந்து ஒன்பதாயிரம் மடங்குக்கு மேல். அங்கே ஓட்டம் கொந்தளிப்பு; பெரிய சுழலுக்குள் சின்னச் சுழல், அதற்குள் இன்னும் சின்னது. எல்லாவற்றையும் விடாமல் பிடிக்க வேண்டுமானால் வேலையின் அளவு ஏறத்தாழ ரெனால்ட்ஸ் எண்ணின் கனத்தைப்போல ஏறும். 80,000 கோடி மடங்குக்கு மேல். ஆகவே யாரும் அதைச் செய்வதில்லை. சின்னச் சுழல்களின் மொத்த விளைவை மட்டும் தோராயமான சூத்திரங்களுக்குள் அடக்கிவிட்டு, பெரியவற்றை மட்டும் பின்தொடர்கிறார்கள். அந்தச் சூத்திரங்கள் வேறுவகை ஓட்டங்களில் அளந்து சீர்செய்தவை; வேகமாக வளைந்து சுற்றும் ஓட்டத்தில் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதில் நிபுணர்களுக்குள் வாதம் ஓய்ந்தபாடில்லை.

இதற்கிடையில் உருளைகள் கப்பலுக்குத் திரும்பிவிட்டன. எண்ணெய் விலையும் கரிப்புகைக் கவலையும் சேர்ந்து ஃப்ளெட்னரைப் பரணிலிருந்து இறக்கின. 2010இல் நான்கு உருளைகளோடு ஈ-ஷிப் 1 கடலில் ஓடத் தொடங்கியது. 2018இல் மேர்ஸ்க் பெலிக்கன் என்ற எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 30 மீட்டர் உயரமும் 5 மீட்டர் விட்டமும் உள்ள இரண்டு உருளைகளை நிறுத்தினார்கள், தொப்பித் தட்டுகளோடு. ஆனால் எவ்வளவு எரிபொருள் மிஞ்சும் என்பதற்குக் கணக்கை மட்டும் நம்பி யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஓர் ஆண்டு முழுக்கக் கடலில் ஓட்டி, எரிபொருளை அளந்து, வெளியாரான லாயிட்ஸ் ரிஜிஸ்டர் நிறுவனத்திடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். வந்த விடை 8.2 விழுக்காடு.